வானம் சுத்தமாக இருக்கிறது

வடக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் அங்கே எதுவோ மறைத்துக்கொண்டு நிற்பதாக ஆப் காட்டியது.

அவன் கடைசி போல்ட்டை இறுக்கிவிட்டு, விரலில் ஒட்டியிருந்த சிலிகான் பசையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, கைபேசியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். மொட்டை மாடியின் வடக்குக் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் யாரும் வாங்காத காலி மனைகள், வெள்ளையடித்த எல்லைக் கற்கள், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், அதற்கப்பால் வெறும் வானம். மரம் இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, ஒரு மின்கம்பம்கூட இல்லை. பத்து வருஷமாக ஊரார் வீட்டுக் கூரைகளில் டிஷ் மாட்டிப் பிழைக்கிறவன் அவன். இவ்வளவு நல்ல வானம் தன் வீட்டுக்கே வாய்த்திருக்கிறதே என்று காலையிலிருந்து உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டதால் கம்பெனியில் அவனுக்கு ஏணி என்று பெயர். ஏணியை மறந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை, இவனை நிற்கவைத்து ஏறிக்கொள்ளலாம் என்பது முதலாளியின் பழைய ஜோக். காதலித்துக் கட்டிக்கொண்ட மனைவிக்கும் அவன் ஏணிதான்.

இன்டர்நெட்டுக்கான இந்த டிஷ், பழைய டிவி டிஷ் மாதிரி ஒரே பக்கம் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது. தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும் செயற்கைக்கோள்களை ஒன்றை விட்டு ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும். எந்தத் திசையில் பிடி நழுவுகிறதோ, ஆப்பில் இருக்கும் நீல வட்டத்தில் அந்தத் திசையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். வட்டத்தின் விளிம்புதான் அடிவானம், நடுப்புள்ளி உச்சந்தலைக்கு நேர் மேலே. பக்கத்தில் தென்னை நின்றால் தென்னை அகலத்துக்குச் சிவப்பு, மாடி வீடு நின்றால் மாடி வீட்டின் அகலத்துக்குச் சிவப்பு. இப்போது வடக்கு விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு ஏறியிருந்தது.

சட்டென்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. இது புது டிஷ் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பெரியவர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. கோடவுனில் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கோ என்று முதலாளி தந்துவிட்டார். இந்த மாடல் தான் கண்ட வானத்தை மறக்காது. ரீசெட் செய்கிறவரைக்கும் பழைய வீட்டின் படம் உள்ளேயே இருக்கும். அந்தப் பெரியவர் வீட்டுக்கு வடக்கே ஒரு பெரிய மரம் நின்றதை அவனே பார்த்திருக்கிறான். ஆக, மரம்தான். ரீசெட் செய்தால் புதுப்படம் வரைந்து முடிக்க அரை நாள் ஆகும், நடுவில் லைன் விட்டுவிட்டு வரும். நாளைக்கு சாயங்காலம் வகுப்பு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கருவிப்பையை மூடினான். தொழில் தெரியாதவனாக இருந்திருந்தால் அப்போதே பயந்திருப்பான்.

பெரியவர் நினைவு மட்டும் லேசாக உறுத்தியது. ரோட்டோரத்தில் தனி வீடு. மனிதர் கட்டிலை முற்றத்தில் போட்டு, கொசுவலை கட்டி, அடுப்பையும் வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார். வாசல் கதவு சாத்திக் கிடந்தது. மறைக்கிறது, மறைக்கிறது என்று மூன்று முறை ஆபீசுக்குப் போன் போட்டவர் அவர். அதனால் இவன் போனதுமே, மரத்தின் கிளையை வெட்டினால் சரியாகிவிடும், எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்டான்.

"மறைக்கல தம்பி," என்றார் அவர். "வானம் சுத்தமா இருக்கு. செவ்வாக்கிழமைலேருந்து சுத்தமா இருக்கு. அதான் வேணாங்கறேன்."

சிவப்பையும் நீலத்தையும் மாற்றிச் சொல்லும் வாடிக்கையாளர்களை அவன் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். தலையாட்டிவிட்டு ஏறிக் கழற்றினான். உள்ளே இருக்கும் ரூட்டரையும் எடுத்துக்கொள்கிறேன் என்று கதவுப் பக்கம் போனபோது பெரியவர் குறுக்கே வந்து நின்று, அது கிடக்கட்டும், உள்ளே போக வேண்டாம் என்றார். ரூட்டர் இல்லாமலேதான் திரும்பினான். வயசானால் மனிதர்களுக்கு ஒவ்வொரு கிறுக்கு என்று அன்றைக்கு வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான்.

இத்தனை பாடும் பட்டாணிக்காகத்தான்.

பட்டாணி அவனுடைய ஏழு வயது மகள். பிறவியிலேயே காது மந்தம். காது மெஷின் மாட்டினால் பாதி கேட்கும், மீதியைப் பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். உதட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அம்மா என்று சொன்னாலும் அப்பா என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அதனால் பட்டாணிக்கு வீட்டில் இரண்டு அம்மா. பெரிய அம்மா, குட்டை அம்மா என்று மனைவி கேலி செய்வாள். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் ஏழு வருஷமாகப் பெற்ற பிள்ளை ஒருமுறைகூட அப்பா என்று கூப்பிட்டதில்லை என்பது அவனுக்குச் சிரிக்கிற விஷயமாக இல்லை.

பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர் தூரத்து ஊரில் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் வீடியோவில் வகுப்பு. சொந்த வீடு என்று ஊருக்கு வெளியே குடிவந்த பிறகு கைபேசி சிக்னல் படுத்துவிட்டது, கேபிளோ இரண்டு தெருவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மூன்று வாரம் வகுப்பு போய்விட்டது. இந்த வாரம் திங்களும் வியாழனும் ஒழுங்காக நடக்காவிட்டால் அந்த நேரத்தைக் காத்திருக்கும் வேறு குழந்தைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று டீச்சர் வருத்தத்தோடு சொல்லியிருந்தார். இந்த வயசில் பழகாத ஒலி அப்புறம் லேசில் வராது என்றும் சொன்னார்.

திங்கள்கிழமை சாயங்காலம் பட்டாணியின் அறையில், டிஷ்ஷுக்கு நேர் கீழே, மடிக்கணினியைத் திறந்துவைத்தார்கள். திரையில் டீச்சர் ஒரு விரல் அகலக் காகிதத் துண்டை எடுத்து உதட்டுக்கு முன்னால் பிடித்தார். ம்மா. காகிதம் அசையவில்லை. ப்பா. காகிதம் துள்ளியது. பட்டாணி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். அப்புறம் வழக்கம்போலத் தன் காகிதத் துண்டோடு கட்டிலின் மேல் ஏறி நின்றாள், ஏணியின் வாய் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதே. அப்படியும் எட்டவில்லை. அவன் வேண்டுமென்றே இன்னும் நிமிர்ந்து நின்றான். அவள் நுனிக்காலில் எக்கிக் கையை முழுக்க நீட்ட, அவன் பாவப்பட்டு மெல்லக் குனிந்து, காகிதத்துக்கு முன்னால் ப்பா என்று ஊதினான். துண்டு பறந்தது. அவள் அதைத் தன் உதட்டுக்கு முன் கொண்டுவந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்.

"ம்மா."

காகிதம் அசையவில்லை. பரவாயில்லை, மறுபடியும் என்று டீச்சர் சொல்லத் தொடங்கும்போது படம் உறைந்தது. டீச்சரின் உதடுகள் மூடியபடி நின்றுவிட்டன, அடுத்து வரப்போவது எந்த எழுத்து என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு மூடல். நாலு நொடி. அப்போதுதான் தலைக்கு மேல் கூரைக்கு வெளியே ர்ர்ர் என்று ஒரு சின்ன இரைச்சல் ஓடி நின்றது. டிஷ்ஷின் உள்ளே இருக்கும் மோட்டார். தனக்கு வசதியான பக்கம் தானே திரும்பிக்கொள்ளும் ரகம் அது. முதல்முறை மாட்டும்போது ஓரிரு தடவை திரும்பும், அப்புறம் அசையாது. அன்றைக்கு வகுப்பு முடிவதற்குள் பதினொரு முறை உறைந்தது, பதினொரு முறையும் மேலே மோட்டார் ஓடியது.

வியாழக்கிழமை பார்க்கலாம் என்று மட்டும் டீச்சர் சொன்னார். அறைக்கு வெளியே வந்ததும் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏணி, ஊருக்கெல்லாம் மாட்டறே. இது ஒண்ண மட்டும் சரியா மாட்டிடு."

அவன் மாடிக்குப் போய்ப் பார்த்தான். வடக்கைப் பார்த்து வைத்த டிஷ் இப்போது தெற்கைப் பார்த்துத் திரும்பி, கழுத்தை முடிந்தமட்டும் வளைத்துக்கொண்டு நின்றது. பேருந்தில் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்த ஆளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள். ஆப்பைத் திறந்தான். ஒரு விரல் அகலமாக இருந்த சிவப்பு இப்போது இரண்டு விரல் அகலத்துக்கு இருந்தது. விளிம்பிலிருந்து உள்நோக்கி ஏறியிருந்தது.

பழைய படம் வளராது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அங்கேயே நின்று ரீசெட் பொத்தானை அழுத்தினான். வட்டம் வெறும் நீலமானது. ராத்திரி முழுக்க அதைப் பார்க்கக் கூடாது என்று கைபேசியைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்தான், தூக்கம் வந்தபாடில்லை. மேலே மோட்டார் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தபோது சிவப்பு அதே இடத்தில், அதே அகலத்தில் இருந்தது.

மறைப்பு இருந்தால் தொழிலில் ஒரே மருந்துதான், டிஷ் நிற்கும் குழாயை உயர்த்துவது. டிஷ் உயர உயர, மறைக்கிற பொருள் படத்தில் கீழே இறங்கி விளிம்போடு ஒட்டிவிடும். அது மரமானாலும் சரி, மாளிகையானாலும் சரி. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, நாலடி நீட்டுக் குழாயைச் செருகி, மூன்று பக்கமும் இழுகம்பி கட்டி, மட்டம் பார்த்து, கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்தான். நன்றாக முறுக்கேறி ங்ங் என்று பாடின. வேலை செய்யும்போது பயம் போய்விட்டது. கையில் ஸ்பேனர் இருக்கிறவரைக்கும் அவனுக்கு எதற்கும் பயம் கிடையாது.

சாயங்காலம் மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போன பிறகு படத்தைத் திறந்தான். சிவப்பு இறங்கவில்லை. ஏறியிருந்தது. நடுப்புள்ளியை நோக்கி, உச்சந்தலையை நோக்கி ஏறியிருந்தது. விளிம்புப் பக்கம் நேராக வந்தது, மேலே போகப்போக அகன்றது, பிறகு சட்டென்று இருபுறமும் சரிந்து குறுகியது, குறுகிய இடத்துக்கு மேலே ஒரு சின்ன உருண்டை.

நீ உயர்த்தினால் எனக்கு எழுந்து நிற்கத் தெரியாதா என்பது மாதிரி.

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே. இவ்வளவு வானத்தை மறைக்க வேண்டுமென்றால் அது காலி மனையில் நிற்கும் நாற்பது மாடிக் கட்டடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒன்று, டிஷ்ஷுக்கு ஒரு கை நீளத்தில் நிற்க வேண்டும். கட்டடம் கண்ணுக்குத் தெரியாமல் போகாது.

வெயில் இறங்கி, சிமெண்ட் தரை இன்னும் சூடு கக்கிக்கொண்டிருந்த நேரம். வடக்கிலிருந்து நல்ல காற்று. புல்லின் வறண்ட வாசனை, அடுத்த தெருவில் யாரோ குப்பை எரிக்கும் புகை, கொடியில் காயும் பட்டாணியின் சீருடை படபடக்கும் ஓசை, இழுகம்பிகளின் மெல்லிய முனகல், எல்லாம் அந்தக் காற்றோடு வந்து அவன் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தன. அவன் டிஷ்ஷைச் சுற்றிக்கொண்டு வடக்குச் சுவரை நோக்கி நடந்தான். மூன்றாவது அடியில் காற்று நின்றது. கொடியில் சீருடை இன்னும் படபடத்தது, கம்பி இன்னும் முனகியது, ஆனால் அவன் முகத்தில் காற்று இல்லை. மழைக்கு முன்னால் தகரக் கூரையிலிருந்து வருமே ஒரு வாசனை, அது மட்டும் மிக அருகில், மூக்குக்கு நேரே. ஒரு அடி பின்னால் வந்தான். காற்று. முன்னால் போனான். காற்று இல்லை. கூட்டத்தில் உயரமான ஒருவனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் இருக்கும், ஆனால் தன்னைவிட உயரமான ஆளுக்குப் பின்னால் நின்ற அனுபவம் அவனுக்கு இல்லை.

கையை நீட்டிப் பார்க்கலாம். அவன் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். பின்னாலேயே நடந்து படிக்கட்டுக்கு வந்து, மாடிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

புதன்கிழமை டிஷ்ஷைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்து ஸ்பேனரோடு கிளம்பினான். படியில் பாதி ஏறும்போது பட்டாணி எதிரே உட்கார்ந்திருந்தாள். உதட்டுக்கு முன் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தானே ம்மா, ம்மா என்று பழகிக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. அவனைப் பார்த்ததும் காகிதத்தைக் காட்டி, நாளைக்கு டீச்சர், என்று கையால் சொன்னாள். அவளுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு முக்கியம் என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

ராத்திரி மனைவியிடம் டிஷ்ஷில் கோளாறு இருக்கிறது, கழற்றிவிடலாமா என்று மட்டும் கேட்டான். காற்று நின்றதைப் பற்றியெல்லாம் எப்படிச் சொல்வது. அவள் பொறுமையாகத்தான் பதில் சொன்னாள், வியாழக்கிழமை வகுப்பு எப்படியாவது முடியட்டும், விட்டுவிட்டு வந்தாலும் டீச்சர் முகமாவது தெரியுமே, வெள்ளிக்கிழமை காலையில் கழற்றிக்கொள் என்றாள். ஒரு நாள். ஒரே நாள்தானே என்று அவனும் தன்னையே தேற்றிக்கொண்டான். மாடிக் கதவின் தாழை இரண்டு முறை எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தான். அன்று ராத்திரி மோட்டார் ஓடியதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். விடியற்காலை வரை ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் படத்தைத் திறந்தான்.

நீலம். முழு வட்டமும் நீலம். விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. மறைப்பு பூஜ்யம் என்று கீழே எழுதியிருந்தது.

அவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இவ்வளவுதானா, மோட்டாரில் ஏதோ சிக்கியிருந்திருக்கிறது, அது தன்னால் சரியாகியிருக்கிறது, நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி பேய்க்கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன் என்று தலையில் தட்டிக்கொண்டான். படத்தை அப்படியே மனைவிக்கு அனுப்பினான். பார்த்தாயா, என் ஏணி மாட்டினால் சோடை போகுமா என்று வேலைக்கு நடுவிலும் அவள் பதில் போட்டாள்.

ஐந்தரைக்கு வகுப்பு. டீச்சரின் முகம் பக்கத்து வீட்டு ஜன்னலில் தெரிவதுபோல் தெளிவாகத் தெரிந்தது. ஒரு முறைகூட உறையவில்லை. மேலே ஒரு சத்தமும் இல்லை. பட்டாணி கட்டிலில் ஏறி, எக்கி, அவன் குனிய, காகிதம் பறந்தது. தன் முறை வந்தபோது அவளுக்கு ம்மாதான் வந்தது, ஆனால் கடைசித் தடவை துண்டின் நுனி ஒரு மயிரிழை நடுங்கியது. மூன்று பேருமே அதைப் பார்த்தார்கள். அடுத்த வாரத்துக்குள் வந்துவிடும், இந்த நேரம் இனி பட்டாணிக்குத்தான் என்று டீச்சர் சொன்னார். அவன் மடிக்கணினியை மூடிவிட்டு மகளின் உச்சியில் முத்தமிட்டான். நாள் முழுக்க மாட்டியிருந்ததில் காது அரித்தது போல, பட்டாணி மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். மேகம் கூடி அறை இருட்டிக்கொண்டு வந்தது. காகிதத் துண்டோடு விளையாடிக்கொண்டிருந்தவளை விட்டுவிட்டு, மழை வருமுன் கொடியிலிருக்கும் துணியை எடுக்கலாம் என்று கிளம்பினான். அவன் வராந்தாவுக்கு வந்தபோது கரண்ட் போனது. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. வீடு அமைதியானது.

மாடிக் கதவு திறந்திருந்தது.

தாழ் போட்டிருந்தான். இரண்டு முறை தொட்டுப் பார்த்திருந்தான். மனைவி காலையில் துணி காயப்போட வந்திருப்பாள், மறந்திருப்பாள். கொடியைப் பார்த்தான். நேற்றைய துணிகள்தான் இருந்தன.

டிஷ் வடக்கைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கழுத்தை நிமிர்த்தி, சாவகாசமாக, ஒதுங்கிக்கொள்ள யாரும் இல்லாத மாதிரி. அவன் அந்த இடத்துக்கு நடந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. காற்று வந்து முகத்தில் அறைந்தது. தடையில்லாமல் வந்தது. ஈரக்காற்று, சட்டையைப் பின்னால் பறக்கவிடும் காற்று. தகர வாசனை இல்லை. அங்கே யாரும் இல்லை. அவன் வாய்விட்டுச் சிரிக்கக்கூடச் செய்தான்.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் முற்றத்தில் கிடந்த அந்தக் கட்டில் நினைவுக்கு வந்தது. கொசுவலை. வெளியே கொண்டுவந்து வைத்த அடுப்பு. சாத்திய கதவு. குறுக்கே வந்து நின்ற பெரியவர்.

வானம் சுத்தமா இருக்கு. அதான் வேணாங்கறேன்.

சிவப்பாக இருந்தவரைக்கும் அது வெளியே நின்றது.

அவன் ஓடினான். படிக்கட்டில் இருட்டு. கைப்பிடி ஜில்லென்றிருந்தது. பாதிப் படியில் மூக்கில் ஏறியது தகர வாசனை. வராந்தா. அதே வாசனை, இன்னும் அடர்த்தியாக. பெயர் சொல்லிக் கத்தினான். கத்தி என்ன பிரயோசனம். மெஷின் டப்பாவில் இருக்கிறது. அவளுக்குக் கேட்காது.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் பட்டாணி கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. அறையில் காற்று என்பதே இல்லை. தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, கூரையோரத்து இருட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரின் உதட்டைப் பார்ப்பதுபோல், கண்ணை எடுக்காமல்.

நுனிக்காலில் எக்கினாள். கையை நீட்டினாள். முழுக்க நீட்டினாள். அவனுக்காக நீட்டியதைவிட உயரமாக.

கை நுனியில் காகிதத் துண்டு துள்ளியது.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் காகிதத்தை இறக்கித் தன் உதட்டுக்கு முன்னால் பிடித்தாள். மூச்சு இழுத்தாள்.

"அப்பா."

தெளிவாக. ஏழு வருஷமாக அவன் கேட்கக் காத்திருந்தது. காகிதம் பறந்தது.

பட்டாணி சந்தோஷத்தில் குதித்தாள். கட்டில் கிறீச்சிட்டது. மேலே பார்த்துச் சிரித்தாள். திரும்பவும் காகிதத்தை நீட்டினாள். இந்த முறை எக்கவில்லை. எக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கை மெல்லமெல்லத் தாழ்ந்து வந்தது, தலைக்கு மேலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து கண்ணுக்கு. கடைசியில் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அங்கே, அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில்லாத அறையில், காகிதம் விடாமல் படபடத்துக்கொண்டிருந்தது.